மாஹ்லரின் ஒன்பதாவது சிம்பொனி: எந்தப் பதிவைக் கேட்பது?

கேள்வி: இசைக்குழு நடத்துநர் ப்ரூனோ வால்டரின் 1938 பதிவு சுமார் 70 நிமிடம்; அவரே 1961இல் செய்த பதிவு 80ஐத் தாண்டுகிறது. இசையமைப்பாளர் மாஹ்லர் நினைத்த வேகம் எது?

பதில்: மாஹ்லரிடம் கேட்க வழியில்லை. இந்தச் சிம்பொனியை யாரும் வாசித்துக் கேட்காமலே 1911 மே மாதம் அவர் இறந்துவிட்டார். மறு ஆண்டு ஜூனில் வியன்னாவில் இதை அரங்கேற்றியவர் வால்டர்தான். ஆகவே இரண்டு வேகத்துக்கும் அவருக்கு உரிமை உண்டு.

1938 ஜனவரி 16 அன்று நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு அது. இருமல் உண்டு, தடுமாற்றமும் உண்டு. இசைக்குழுவின் இரு வயலின் பிரிவுகளில் முதலாவதான முதல் வயலின்களுக்குத் தலைமை, மாஹ்லரின் தங்கையை மணந்த அர்னால்ட் ரோஸே. இரண்டே மாதத்தில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. யூதர்களான இருவரும் வியன்னாவை இழந்தார்கள். வாசிப்பிலுள்ள பதற்றத்துக்கு அதுவே காரணம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். வால்டருக்கு அன்று அவசரம் பிடித்திருந்தது. இறுதிப் பகுதியைச் சுமார் 18 நிமிடத்தில் முடித்துவிடுகிறார். கலிஃபோர்னியாவில் பதிவான 1961 வாசிப்பு விவரமானது, கனிவானது. இருந்தாலும் என்னை உலுக்குவது பழையதுதான்.

கேள்வி: நடத்துநர் பெர்ன்ஸ்டைனின் 1979 பெர்லின் பதிவில் ட்ராம்போன்கள் (பித்தளை ஊதுகருவிகள்) விடுபட்டிருப்பது உண்மையா?

பதில்: உண்மை. இறுதிப் பகுதியின் உச்சத்தில், அவை முழங்க வேண்டிய இடத்திலேயே ஒலிக்கவில்லை. பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை அவர் நடத்தியது அந்த ஒரு முறைதான், அதன் அன்றைய தலைமை நடத்துநர் கராயனின் கோட்டைக்குள். அதனால் வாங்கலாம்; ஆனால் உங்களிடம் உள்ள ஒரே பதிவாக அது இருக்க வேண்டாம். கராயனே அதே குழுவுடன் 1982இல் செய்த நேரடிப் பதிவில் எதுவும் தவறவில்லை. அந்தப் பளபளப்பு எனக்குச் சற்று அதிகம்.

கேள்வி: ஹெட்ஃபோனில் கேட்க ஏற்றது?

பதில்: நடத்துநர் க்ளெம்பெரரின் பதிவு, 1967. இரண்டாம் வயலின்களை வலப்பக்கம் உட்கார வைத்திருக்கிறார். முதல் பகுதியின் முக்கிய மெட்டை அவர்கள்தான் தொடங்குகிறார்கள். பிறகே முதல் வயலின்கள் சேர்கின்றன. எல்லா வயலின்களும் இடப்பக்கமே இருந்தால் அந்த உரையாடல் கரைந்துவிடும். இரண்டாம் பகுதியின் நாட்டுப்புற நடனம் மட்டும் இவரிடம் கால் கனத்துப்போகிறது.

கேள்வி: இசைக்குறிப்பின் கடைசிப் பக்கம் காதில் விழவே இல்லை. பதிவின் கோளாறா?

பதில்: இல்லை. அங்கே தந்திக் கருவிகள் மட்டுமே, மடிந்து மறைவதுபோல் வாசிக்கும்படி மாஹ்லர் எழுதியிருக்கிறார். ஒலியைக் கூட்டாதீர்கள், மின்விசிறியை நிறுத்துங்கள்.

கேள்வி: முதன்முறை கேட்பவருக்கு ஒன்றே ஒன்று?

பதில்: நடத்துநர் பார்பிரோலி, பெர்லின் ஃபில்ஹார்மோனிக், 1964. பெர்ன்ஸ்டைனின் 1985 ஆம்ஸ்டர்டாம் பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதில் இறுதிப் பகுதி மட்டுமே ஏறக்குறைய 30 நிமிடம்.