‘நீங்களே எழுதிக் கொடுத்துடுங்களேன்’

அன்புள்ள அம்மாவுக்கு,

பெருங்குடியில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். போன வருடம் மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டேன். முதல் நாளே மேனேஜர் எல்லோர் முன்னாலும், “இவங்களுக்கு இயர் எண்ட் வேலை எதுவும் கொடுக்காதீங்க, எப்ப லீவு போடுவாங்கன்னு சொல்ல முடியாது” என்றார். பக்கத்து சீட்டுப் பெண் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். போன வாரம் ஹெச்.ஆர். கூப்பிட்டு, “உடம்புதான் முக்கியம், நீங்களே எழுதிக் கொடுத்துட்டு ரெஸ்ட் எடுங்களேன்” என்கிறார். கோபம் கோபமாக வருகிறது. கோபம் உடம்புக்கு ஆகாது என்கிறார் கணவர். இவர்களையெல்லாம் மன்னிக்க எப்படிப் பழகுவது?

ஆ.

அன்புள்ள ஆ.,

மன்னிப்புக்கு இப்போது என்ன அவசரம்? நன்றாகக் கோபப்படுங்கள். டப்பாக்காரியை விடுங்கள். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்து மறந்திருப்பாள். உங்கள் வீட்டு வத்தக்குழம்பு வாசனைக்குத் தானாகத் திரும்பி வருவாள்.

கடிதத்தில் என்னை உட்கார விடாமல் செய்தது அந்த ஹெச்.ஆர். பேச்சுதான். கொஞ்ச நாளாகவே இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அண்ணி அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்தார். உங்களுக்கு வந்த அதே நோய். முதலாளி கூப்பிட்டு உட்காரவைத்து, காபி வரவழைத்து, “நீ என் தங்கச்சி மாதிரிம்மா, உடம்பைப் பாரு, தேறினதும் வா” என்றாராம். அண்ணி அங்கேயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, தங்கமான மனுஷன் என்று புகழ்ந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். அவர் ஈ.எஸ்.ஐ.யில், அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டில் இருந்தவர். தேவையான சந்தா கட்டியிருந்தால் புற்றுநோய்க்குச் சம்பளத்தில் எண்பது சதவீதம் வரை, இரண்டு வருடத்துக்கு நீட்டித்த சலுகை கிடைக்கும். அந்தச் சலுகையில் இருப்பவரை வேலையைவிட்டு நீக்கவும் கூடாது. தங்கமான மனுஷன் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி கவுன்டரில்தான் ஒரு க்ளார்க் கேட்டார்: “ஏம்மா, யார் உங்களை எழுதிக் கொடுக்கச் சொன்னது?”

அண்ணியோடு அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் வராந்தாவில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி போராடிக் கொண்டுவந்த இடம் அது. 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கியது. உதவி கேட்டுப் போனபோது, சாகப்போகிறவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்கிற மாதிரி ஒரு அமைச்சர் கேட்டதை, அந்த ஆஸ்பத்திரியை வளர்த்த டாக்டர் சாந்தா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அமைச்சர் போய்விட்டார், அந்தக் கேள்வி போகவில்லை. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, உங்கள் ஆபீஸ் பக்கத்து ஓ.எம்.ஆர். சாலையில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் மேனேஜர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் மனதில் உங்கள் கணக்கை முடித்துவிட்டார், அவ்வளவுதான். அதனால்தான் இயர் எண்ட் வேலை இல்லை. கணக்கெழுதும் உங்களுக்கு இது புரியாமல் போனதுதான் எனக்கு எரிச்சல்.

வெளியே அனுப்ப வேண்டுமென்றால் அவர்களே எழுதட்டும். ஏன் எழுத மாட்டார்கள் தெரியுமா? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் 41-ஆம் பிரிவு இருக்கிறது. ஆறு மாதத்துக்குமேல் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. உங்கள் வேலை அப்படி இல்லை என்றே படுகிறது, ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்ளுங்கள். நீங்களாக எழுதிக் கொடுத்த நிமிஷம் நீக்கம் என்ற ஒன்றே நடக்கவில்லை என்றாகிவிடும். அப்புறம் எந்த அதிகாரியிடம் போய் என்ன சொல்வீர்கள்? காபி கொடுத்தார்கள் என்றா?

கம்பெனி எடுத்துக்கொடுத்த குரூப் இன்ஷூரன்ஸும் வேலையோடு போய்விடும். உங்களுக்கு ஹார்மோன் மாத்திரை எழுதியிருந்தால் அது குறைந்தது ஐந்து வருடம். வருஷா வருஷம் மேமோகிராம் வேறு. ரெஸ்ட் எடுக்கச் சொல்கிறவர் அதற்குப் பணம் கட்டுவாரா என்று கேளுங்கள். ஒருவேளை விலகியே ஆகவேண்டிய நிலை வந்தாலும், அந்தப் பாலிசியைத் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி உண்டா என்று விசாரிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், கோபத்தைவிட வாடகை பாக்கி உடம்புக்கு அதிகம் ஆகாது. மேனேஜர் எல்லோர் முன்னால் சொன்னதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஹெச்.ஆருடன் இனி வாய்ப்பேச்சு வேண்டாம். இன்று இரவே மெயில் போடுங்கள்: இன்ன தேதியில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், எனக்கு அந்த எண்ணம் இல்லை, வேலை செய்யத் தகுதி இருப்பதாக டாக்டர் தந்த சான்றிதழை இணைத்திருக்கிறேன், என் வழக்கமான வேலையை எனக்குத் திரும்பத் தாருங்கள். நாலு வரி போதும். சொந்தக் கணக்குக்கும் ஒரு காப்பி அனுப்பிக்கொள்ளுங்கள்.

எழுதிவிட்டு எனக்கு ஒருமுறை காட்டுங்கள். எனக்கு எழுதிய கடிதத்தில் ‘தொந்தரவுக்கு மன்னிக்கவும்’ என்று மூன்று இடத்தில் போட்டிருந்தீர்கள், இங்கே நான் வெட்டிவிட்டேன். அதில் ஒன்றுகூட அந்த மெயிலில் இருக்கக் கூடாது.