சுவரில் காய்ந்த இலை, தோப்பில் அழுகும் கொய்யா

கேள்வி: ஐயா, கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் 60 கொய்யா மரம் வைத்திருக்கிறேன். பழுக்கிற காய் ஊசித்துளை விழுந்து அழுகி உதிர்கிறது. வாசல் விளக்கடியில் காய்ந்த இலை மாதிரி பெரிய விட்டில் ஒன்று உட்கார்ந்திருந்தது. குச்சியால் தொட்டதும் உள்ளே ஆரஞ்சு நிறம் தெரிந்தது. இதுதான் காரணமா? மரத்துக்கு என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்து டப்பாவை இப்போதைக்குத் திறக்காதீர்கள். தொட்டுப் பார்த்து அந்த நிறத்தை எழுதினீர்களே, பாதி விடை அதில் இருக்கிறது. அது பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியாக இருக்க வேண்டும். மறுபடி கண்ணில் பட்டால் உள் இறக்கையை நன்றாகப் பாருங்கள். மஞ்சள் கலந்த ஆரஞ்சு, ஓரத்தில் கறுப்புப் பட்டை, நடுவில் வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு. பொட்டுக்குப் பதில் பிறை போல் வளைந்திருந்தால் அதே குடும்பத்தின் இன்னொரு இனம். இரண்டும் பழத்துக்குப் பகைதான்.

மற்ற அந்துகளில் பெரும்பாலும் புழுதான் பயிரைத் தின்னும். இதில் தாய்ப்பூச்சியே கெடுக்கிறது. உறிஞ்சுகுழலின் நுனி கெட்டியாக, முள்முள்ளாக இருக்கும். இருட்டிய பிறகு வந்து தோலைக் குத்திச் சாறு குடிக்கும். அந்தத் துளை வழியே பூஞ்சணம் புகுந்து பழம் அழுகும். இதன் புழு உங்கள் கொய்யாவில் இருக்கவே இருக்காது. வேலியில் படரும் சீந்தில் கொடியில், உங்கள் ஊரில் சிற்றமிர்து என்பார்களே, அதில் வளரும். கருத்த உடம்பு, பக்கவாட்டில் கண் போன்ற புள்ளிகள். அதனால் மரத்துக்கு மருந்தடித்தால் காசுதான் கரையும். சீந்திலை வேரோடு பிடுங்கச் சொல்ல எனக்கு மனமில்லை, மருந்துக்கொடி அது. புழுக்களைப் பொறுக்கி அழித்தால் போதும்.

ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். கொய்யாவுக்குப் பழ ஈயும் உண்டு. உதிர்ந்ததில் ஐந்தாறை அறுத்துப் பாருங்கள். வெள்ளைப் புழு நெளிந்தால் ஈ. புழு இல்லாமல், துளைக்கு நேர் கீழே சதை பஞ்சு போல் இருந்தால் அந்து.

எதுவானாலும், காய் எலுமிச்சை அளவு வந்ததும் அடியில் துளையிட்ட பையைக் கட்டுங்கள்; இரண்டையும் தடுக்கும். விழுந்த பழத்தை அன்றன்றே குழியில் போட்டு மூடுங்கள், அழுகல் வாடைதான் அந்துக்கு அழைப்பு. இரவு எட்டு மணிவாக்கில் டார்ச் அடித்தால் பழத்தின் மேல் இரண்டு கண் மின்னும். கைவலையால் பிடித்துவிடலாம். 60 மரத்துக்கு இரண்டு பேர் போதும். அறுத்த பழத்தில் என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள்.