பேண்டேஜை யார் துவைக்கிறார்கள்?

கேள்வி: என் மகனுக்கு 25 வயது. 17 வயதில் மாநில இளையோர் குத்துச்சண்டையில் வெள்ளி வாங்கினான். ‘இவன் இந்தியாவுக்கு ஆடுவான்’ என்று கோச்சே சொன்னார். அதற்கப்புறம் ஏற்றமே இல்லை. இப்போது வாரத்தில் இரண்டு நாள் பிராக்டிஸ், மற்ற நாளெல்லாம் போனும் தூக்கமும். கோச் மாற்றலாகிப் போனதுதான் காரணம், குத்துச்சண்டை வீரர் மைக் டைசனுக்கு டமாட்டோ என்ற கோச் கிடைத்த மாதிரி தனக்கு ஆள் இல்லை என்கிறான். நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. இன்றைக்கும் அவன் கையில் சுற்றும் பேண்டேஜைக்கூட அவன் அக்காதான், நைட் டியூட்டி முடிந்து வந்து துவைத்து, அடுப்புக்கு மேலே காயப்போட்டுச் சுருட்டி வைக்கிறாள். அவன் கேம்ப் செலவுக்காக நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டவள். ஒரு கல்யாணம் செய்து வைத்தால் அவனுக்குப் பொறுப்பு வருமா?
— ஒரு தாய், கோத்தகிரி

பதில்: வராது. பேண்டேஜ் துவைக்க இன்னொரு பெண் வருவாள், அவ்வளவுதான். வேறொருத்தி பெற்று வளர்த்த பிள்ளையை உங்கள் மகனுக்கு மருந்தாகக் கொடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது அம்மா.

உங்கள் கடிதம் மூன்று பக்கம். அச்சில் சுருக்கிப் போட்டிருக்கிறோம். மகன் பெயர் பதினோரு இடத்தில் வருகிறது. மகளுக்குப் பெயரே இல்லை, ‘அவன் அக்கா’ மட்டும்தான். அவளைப் பற்றி நீங்கள் எழுதியது இரண்டே வரி, அதுவும் மகனுக்குக் குறை வைக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக. நான் மற்றதை ஒதுக்கிவிட்டு அங்கேயே நிற்கிறேன்.

அந்த பேண்டேஜ் நாலரை மீட்டர் துணி. வியர்வையில் ஊறியதை அப்படியே போட்டுவைத்தால் மறுநாளே நாற்றம் எடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊரில் கைக்குட்டைகூட இரண்டு நாள் காயாது. அதனால்தான் அடுப்புக்கு மேலே கொடி. சுருட்டுவதிலும் கணக்கு உண்டு. ஒட்டுகிற முனையிலிருந்து ஆரம்பித்தால்தான் கட்டைவிரலை மாட்டும் கண்ணி கடைசியில் வெளியே வந்து நிற்கும். எட்டு வருடமாகச் சுருட்டுகிறவளுக்கு அது தெரியாமல் இருக்காது. ராத்திரி முழுக்க நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்த கை அது. உங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு வீரருக்கு வேண்டிய ஒழுங்கு யாரிடமாவது இருக்கிறதென்றால், அவளிடம்தான் இருக்கிறது.

டைசன் கதையை உங்கள் மகன் பாதியோடு நிறுத்திவிட்டான். டமாட்டோ 1985 நவம்பரில் இறந்துபோனார். டைசன் உலகப் பட்டம் வென்றது 1986 நவம்பரில், 20 வயதில். பெரியவர் கண்ணை மூடி ஒரு வருடம் ஆன பிறகும், அவர் சொல்லிக்கொடுத்ததை விடாமல் செய்ததால் வந்த பட்டம் அது. சரிவு அப்புறம்தான். டமாட்டோவிடம் பாடம் படித்த கெவின் ரூனிதான் டைசனின் பயிற்சியாளராக இருந்தார். அவரையும் 1988-ல் டைசன் விலக்கிவிட்டார். 1990 பிப்ரவரியில், டோக்கியோவில், யாரும் பொருட்படுத்தாத பஸ்டர் டக்ளஸ் அடித்த அடியில் டைசனின் கண் வீங்கி மூடியபோது, வீக்கத்தை அமுக்க வைத்திருக்க வேண்டிய இரும்புகூட டைசனின் மூலையில் நின்ற உதவியாளர்களிடம் இல்லை. ஒரு ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பி ஒற்றிக்கொண்டிருந்தார்கள். பத்தாவது ரவுண்டில் விழுந்தார்.

சரி, ஜெயித்த டக்ளஸ்? அம்மாவைப் பறிகொடுத்து 23 நாள்தான் ஆகியிருந்தது அவருக்கு. அந்தத் துக்கத்தோடு வந்து ஜெயித்த மனிதர், எட்டே மாதத்தில் இன்னொரு வீரரான ஹோலிஃபீல்டோடு மோத, டைசனை ஜெயித்தபோது இருந்ததைவிட ஆறரை கிலோ கூடுதல் எடையோடு வந்து நின்றார். மூன்றாவது ரவுண்டில் படுத்துவிட்டார். கோச் இல்லாமலா? பணம் இல்லாமலா? இரண்டும் இருந்தது. அதனால் மாற்றலாகிப் போன மனிதர் மேல் பழியைப் போடுவதை உங்கள் மகன் விடட்டும். நீங்களும் தலையாட்ட வேண்டாம்.

ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் நடுவில் மூலைக்காரர்களுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். தண்ணீர் கொடுக்கலாம், துடைத்துவிடலாம், காதில் நாலு வார்த்தை சொல்லலாம். அடுத்த மணி அடிப்பதற்குள் ஸ்டூலை எடுத்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். நீங்கள் எட்டு வருடமாக இறங்கவே இல்லை. அவன் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருக்கிறான், அக்கா துடைத்துவிட்டுக்கொண்டிருக்கிறாள்.

தம்பிக்காக அக்கா விட்டுக்கொடுப்பதை நம் வீடுகளில் பெருமையாகப் பேசுவார்கள். நான் அதைக் கடன் என்பேன். வாங்கியவன் திருப்பித் தர வேண்டும். ஆண்பிள்ளை என்பதால் அது தள்ளுபடி ஆகாது. பெற்றவள் அந்தக் கணக்கை மறைத்தால் அது மகனுக்கும் செய்கிற கெடுதல்.

25 வயதில், வாரம் இரண்டு நாள் பயிற்சியில், இந்திய முகாம் கதவு திறக்காது. இதை அவனிடம் நீங்களே சொல்லுங்கள், அழாமல் சொல்லுங்கள். அதற்காக அவன் கற்ற வித்தை வீணில்லை. பாட்டியாலாவில் உள்ள என்.ஐ.எஸ். எனும் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் கோச் ஆவதற்கான ஆறு வாரச் சான்றிதழ் பயிற்சி உண்டு. தகுதி விவரங்களை அவனே விசாரித்துத் தெரிந்துகொள்ளட்டும். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் ஆவான். ஆனால் அதற்கு முன்னால் அவனுக்கு ஒரு வேலை வேண்டும். டீ ஃபேக்டரியில் இலை மூட்டை இறக்குகிற வேலையானாலும் சரி, காலையில் ஐந்து மணிக்கு அவனே எழுந்து போகிற வேலை. அலாரம் அவன் தலைமாட்டில் இருக்கட்டும், உங்களுடையதில் வேண்டாம்.

முதல் சம்பளம் வந்ததும், அக்கா விட்ட நர்சிங் கல்லூரிக்கு அவனையே அனுப்புங்கள். அவள் சான்றிதழ்கள் இன்னும் அங்கே கிடக்கின்றனவா, திரும்பச் சேர வழி இருக்கிறதா, எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டுவரட்டும். பஸ் காசு அவன் கையிலிருந்து.

இன்று ராத்திரி அந்த பேண்டேஜ் பக்கெட்டிலேயே ஊறிக் கிடக்கட்டும். காலையில் மகள் வந்து பழக்கதோஷத்தில் எடுக்கப் போவாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தி, காபி போட்டுக் கொடுத்துத் தூங்கச் சொல்லுங்கள்.