விளிம்பு சரிந்த கண்ணாடியும் அக்னி நட்சத்திரமும்

ஒத்தக்கடைப் பக்கம் என் வீட்டு மாடியில் இதுவரை நான்கு தொலைநோக்கிக் கண்ணாடிகள் தேய்த்திருக்கிறேன். இரண்டு தட்டைக் கண்ணாடி வட்டங்களுக்கு நடுவே பொடி போட்டுத் தேய்த்துக் குழியாக்கி, பிறகு மெருகேற்றுவதுதான் வேலை. மூன்று உருப்பட்டன. அதைக் கேள்விப்பட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

திருமங்கலத்திலிருந்து: அண்ணே, 150 மி.மீ. வட்டம், குவியத் தூரம் 1200 மி.மீ. நடுவில் எவ்வளவு குழி வேண்டும்?

1.17 மி.மீ. தம்பி. ஆரம் 75. அதை வர்க்கமாக்கி, குவியத் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைத்துவிடும். ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே நிமிர்த்தி வைத்து, 1.2 மி.மீ. டிரில் பிட்டின் தண்டை நடுவில் நுழைத்துப் பாருங்கள். மட்டுமட்டாக இடிக்கும்போதே 80-ஆம் நம்பர் பொடியை நிறுத்திவிடுங்கள் (நம்பர் கூடக் கூடப் பொடி மெலியும்). அடுத்து வரும் மெல்லிய பொடிகளும் கொஞ்சம் குழிக்கும். கண்ணாடியை நனைத்து வெயிலில் காட்டினால் சுவரில் சூரியன் விழும். குவியத் தூரத்தை அதிலேயே தோராயமாக அளக்கலாம். நம்ம ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

உசிலம்பட்டி கல்லூரி மாணவி: இரண்டுமே தட்டைக் கண்ணாடிதானே, மேலே இருப்பது மட்டும் ஏன் குழிகிறது?

நல்ல கேள்வி பாப்பா. மேல் கண்ணாடியைத் தள்ளும்போது அது கீழ் வட்டத்தைத் தாண்டி வெளியே நீள்கிறது. அப்போது அதன் எடை முழுக்கக் கீழ்க் கண்ணாடியின் விளிம்பில் விழுகிறது. மேலே இருப்பதற்கு நடுப்பகுதி தேயும், கீழே இருப்பதற்கு விளிம்பு தேயும். கீழ்க் கண்ணாடி வைத்திருக்கும் டிரம்மைச் சுற்றி நடந்துகொண்டே, கண்ணாடியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவதால் எல்லாத் திசையும் சமமாகி, தானாகவே கோள வளைவு வருகிறது.

மேலூரிலிருந்து: கிரானைட் பட்டறைப் பொடி ஆகுமா?

அதுவும் நாம் தேய்க்கும் கார்போரண்டம்தான் (சிலிக்கான் கார்பைடு), ஆகும். ஆனால் நம்பர் கலக்காத பொடியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நம்பருக்கும் தனி வாளி, தனித் துணி. நகத்தையும் வெட்டிவிடுங்கள், இடுக்கில் பொடி தங்கும்.

வாடிப்பட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: மெருகேற்றி முடித்தேன். விளிம்பு மட்டும் சரிந்து நிற்கிறது. என்ன தப்பு செய்தேன்?

சார், எந்த மாதத்தில் மெருகேற்றினீர்கள்? என் இரண்டாவது கண்ணாடியை அக்னி நட்சத்திரத்தில் மெருகேற்றினேன். வெளியே 40 டிகிரி. பிட்ச் (மெருகேற்றும் வட்டில் பூசும் தார் போன்ற பிசின்) அல்வா மாதிரி இளகி, கண்ணாடியின் ஓரத்தில் மேலேறிச் சுற்றிக்கொண்டது. உள்ளே அழுந்தும் விளிம்பு கூடுதலாகத் தேயாமல் என்ன செய்யும்? கொஞ்சம் ரோசின் (பைன் மரப் பிசின்) சேர்த்துக் காய்ச்சினால் பிட்ச் கெட்டியாகும். ரொம்பக் கெட்டியானால், அடுப்பை அணைத்த பிறகு சில துளி டர்பன்டைன் விடுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் மெதுவாகப் பதிய வேண்டும், அதுதான் பதம். தள்ளலைக் கண்ணாடி அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக விடாதீர்கள், ஓரத்தில் கை வைத்து அழுத்தாதீர்கள். ஆடிக் காற்றிலும் வேண்டாம். புழுதி ஒரு துகள் விழுந்தால் போதும், கீறல்தான். மார்கழி, தை எனக்குத் தோது.

சரிவு கடைசி 2 மி.மீ.க்குள் இருந்தால் கறுப்பு அட்டை வளையத்தால் மறைத்துவிடுங்கள். 5 சதவீத ஒளிதான் போகும். அதற்காக ஒரு மாதம் தேய்ப்பது வீண் பிடிவாதம்.

சோழவந்தானிலிருந்து: திருமங்கலத்துக்காரர் அளவுதான் எனக்கும். பிளேடு வைத்துப் பார்க்கும் சோதனையில் என்ன தெரிய வேண்டும்?

1858-இல் ஃபூக்கோ சொன்ன முறை அது. வளைவு மையத்தில், அதாவது குவியத் தூரத்தின் இரு மடங்கான 2400 மி.மீ. தள்ளி, ஒரு சிறு ஒளிப்புள்ளியும் பிளேடும். ஒளி திரும்பி வந்து குவியும் இடத்தைப் பிளேடால் மெல்ல வெட்டிக்கொண்டே, அதன் பின்னாலிருந்து கண்ணாடியைப் பாருங்கள். கோள வளைவென்றால் கண்ணாடி முழுவதும் ஒரே நேரத்தில் சாம்பல் நிறமாக மங்கும். பரவளையமாக (தூரத்து ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் வளைவு) இருந்தால், பிளேடைச் சரியான இடத்தில் வைக்கும்போது மெதுவடை மாதிரித் தெரியும். விளக்கு நகராமல் பிளேடு மட்டும் நகர்ந்தால், நடுப்பகுதி மங்கும்போது பிளேடு நிற்கும் இடத்துக்கும் விளிம்பு மங்கும்போது நிற்கும் இடத்துக்கும் 2.34 மி.மீ. வித்தியாசம் வர வேண்டும்.

அதே நண்பர்: கோளமாகவே விட்டால் என்ன?

உங்கள் அளவுக்கு விடலாம், தப்பில்லை. இரு வளைவுக்கும் விளிம்பில் உள்ள வித்தியாசம் 0.3 மைக்ரான்கூட இல்லை (மைக்ரான் என்றால் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). குவியத்தைச் சரிசெய்து பார்த்தால் பிழை ஒளியின் கால் அலைநீளம் அளவில் நிற்கும். வியாழனின் பட்டைகள் தெரியும். ஆனால் நீள் தள்ளலில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பரவளையம் வந்துவிடும் என்பதால், நான் விடமாட்டேன்.

மதுரை, பெயர் வேண்டாம் என்றவர்: பத்து நிமிடம் தேய்த்தேன், உடனே பார்த்தேன், மேடு. மறுபடி தேய்த்தேன், இப்போது பள்ளம்!

உடனே பார்த்ததுதான் தப்பு. தேய்த்த சூட்டில் கண்ணாடி உப்பியிருக்கும். சூடான மேட்டை நிஜ மேடென்று நம்பித் தேய்த்தால், ஆறிய பிறகு பள்ளம்தான் மிஞ்சும். குறைந்தது ஒரு மணி நேரம் ஆற விடுங்கள், ஃபேனை அணையுங்கள், விடியற்காலையில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கட்டைவிரலைக் கண்ணாடியில் அரை நிமிடம் வைத்து எடுத்துவிட்டு பிளேடு வழியாகப் பாருங்கள். விரல் வைத்த இடத்தில் யானைமலை மாதிரி ஒரு மேடு எழுந்து, கண் முன்னாலேயே மெல்ல அடங்கும். பள்ளத்துக்கு வைத்தியம் சாதாரணத் தள்ளல்தான்: ஐந்து நிமிடம் தேய்ப்பு, ஒரு மணி நேரம் ஓய்வு, பிறகு பிளேடு.