லேசர்ல முடி எடுக்க இவ்ளோ காசு கொடுக்கலாமா? வாசகிகள் கேள்விக்கு தோல் டாக்டர் பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு 26 வயசு. மதுரையில ஒரு பிரைவேட் ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன், சம்பளம் 18,000. பத்தாவது படிக்கும்போதே தாடையில முடி வர ஆரம்பிச்சிடுச்சு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை தாடைக்கும் மேல் உதட்டுக்கும் த்ரெட்டிங் பண்றேன், ஒவ்வொரு தடவையும் 120 ரூபா. ஒரு வாரம் பார்லர் போக முடியலன்னா கிளாஸ்ல பசங்க என் தாடையையே பாக்குற மாதிரி இருக்கு, துப்பட்டாவால மறைச்சுக்கிட்டே பாடம் எடுக்குறேன். ஒரு லேசர் க்ளினிக்ல கேட்டேன், ஃபுல் ஃபேஸ் எட்டு செஷன் 32,000, இன்னைக்கே கட்டுனா 27,000, இஎம்ஐ இருக்கு, அப்புறம் வாழ்நாளுக்கும் முடி வராதுன்னாங்க. அம்மா அந்தக் காசுக்கு மோதிரம் வாங்கிப் போட்டுக்கோங்கிறாங்க. எனக்கு பீரியட்ஸ் எப்பவுமே 45, 50 நாள்னு தள்ளித்தான் வரும். பணம் கட்டலாமா?
(பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: இன்னைக்கு கட்டாதீங்கம்மா. லேசரே வேணாம்னு சொல்லல, உங்களுக்கு அது நல்லாவே உதவும், ஆனா நீங்க லெட்டரோட கடைசியில ஒரு வரியில சொல்லிட்டுப் போன விஷயத்தைத்தான் நான் முதல்ல எடுத்துக்குவேன். பீரியட்ஸ் 35 நாளுக்கு மேல தள்ளிப் போறதும் சின்ன வயசுலேருந்து தாடையில முடி இருக்குறதும் ஒண்ணா சேர்ந்திருந்தா பிசிஓடின்னு சொல்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கான்னு பாக்காம முகத்துல மெஷின் வைக்கவே கூடாது. கழுத்துக்குப் பின்னாடி கறுத்து தடிச்சிருக்கா, வகிடு அகலமாகிட்டே போகுதா, பரு நிக்காம வருதான்னு நீங்களே கண்ணாடியில பாருங்க.

ஏன்னா லேசர் இப்ப இருக்குற முடியைத்தான் குறைக்கும், புதுசு புதுசா முடியைக் கிளப்பி விடுற ஹார்மோனை அது தொடாது. உள்ள ஆண் ஹார்மோன் கூடுதலா ஓடிட்டே இருந்தா இன்னைக்கு பூனை முடியா இருக்குறது கொஞ்ச நாள்ல கறுப்பா தடிச்சு வரும், எட்டு செஷனும் முடிச்ச பிறகு ஒரு வருஷத்துல மறுபடி பார்லர் வாசல்ல நிப்பீங்க, கட்டுன பணத்துக்கு மனசு அடிச்சுக்கும். அதனால மொதல்ல டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, ப்ரோலாக்டின், சுகர், தேவைப்பட்டா ஒரு ஸ்கேன். பிரைவேட் லேப்ல இதுக்கே சில ஆயிரம் ஆகும், நீங்க இருக்குறது மதுரை, பெரியாஸ்பத்திரி ஓபிக்கு ஒரு நாள் காலையில லீவு போட்டுட்டுப் போங்க, செலவு ரொம்ப மிச்சமாகும். பிசிஓடின்னு வந்தா எடை, சாப்பாடு, மாத்திரைன்னு அதுக்கான வழி இருக்கு, முடி வளர்ச்சியைக் குறைக்குற மாத்திரைக்கு பலன் தெரிய ஒரு ஆறு மாசமாவது ஆகும், அதுல சில மாத்திரை எடுக்கும்போது கர்ப்பமாகக் கூடாது, அதனால கல்யாணப் பேச்சு நடந்துட்டு இருந்தா அதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. (இதைப் படிக்கிற வேற யாருக்காவது சில மாசத்துக்குள்ளயே திடீர்னு முகம், நெஞ்செல்லாம் முடி அடர்ந்து குரலும் கட்டையாகிட்டு வந்தா லேசர் பேச்சையே விட்டுட்டு உடனே டாக்டரைப் பாருங்க, சினைப்பையிலயோ அட்ரீனல் சுரப்பியிலயோ கட்டி இருக்குதான்னு பாக்கணும்.)

இப்ப அந்த "ஃபுல் ஃபேஸ்" பேக்கேஜுக்கு வர்றேன், எனக்கு கோவமே வருது இதுல. லேசர் வெளிச்சம் கறுப்பைத்தான் பிடிக்கும். வெயில்ல கறுப்புத் துணி சீக்கிரம் சூடாகுதுல்ல, அந்த மாதிரி முடிக்குள்ள இருக்குற மெலனின்ங்கிற நிறமி வெளிச்சத்தை இழுத்து சூடாகி வேரைப் பழுதாக்கும், 1983-ல ஆண்டர்சன், பாரிஷ்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்கள் எழுதுன தத்துவம், இன்னைக்கு வரைக்கும் எல்லா மெஷினும் இதுலதான் ஓடுது. அப்போ தடிச்ச கறுப்பு முடி இருந்தாதான் வேலை நடக்கும். கன்னத்துல இருக்குற மெல்லிசான பூனை முடியில புடிச்சுக்க ஒண்ணும் இல்ல, அதை எரிக்காம லேசா மட்டும் சூடு பண்ணி விட்டா சிலருக்கு அது தூண்டப்பட்டு முன்னைவிட தடிப்பா வளர ஆரம்பிச்சிடும். இந்தப் பிரச்சனை அதிகமா வர்றதே முகத்துலயும் கழுத்துலயும்தான், அதுவும் நம்மள மாதிரி மாநிறம், கறுப்பு நிறப் பொண்ணுங்களுக்கும் ஹார்மோன் கோளாறு இருக்குறவங்களுக்கும். உங்களுக்கு ரெண்டுமே பொருந்தலாம். கன்னம், நெத்திக்கு எதுக்கு காசு? தாடை, தாடைக்குக் கீழ, மேல் உதடு, இந்த மூணு இடத்துக்கு மட்டும் ரேட் கேளுங்க, செலவு குறையும்.

அடுத்து மெஷின். நம்ம தோல்லயும் அதே மெலனின் இருக்குறதால தப்பான மெஷினை வெச்சா முடிக்குப் போக வேண்டிய சூடு தோல்லயே நின்னு பொசுக்கிடும், அப்புறம் அந்த மெஷின் முனையோட அச்சு அப்படியே கறுப்பு வட்டமாவோ பட்டையாவோ விழும், அது மறைய மாசக்கணக்குல ஆகும். 755 நானோமீட்டர் அலைநீளம் உள்ள அலெக்ஸாண்ட்ரைட் லேசர் செவப்பா இருக்குறவங்களுக்கு நல்லது, நமக்கு ரிஸ்க். நல்ல கறுப்புன்னா 1064 எண்டி-யாக்தான் பாதுகாப்பு. மாநிறத்துக்கு 810 டயோட் போடலாம், ஆனா அளவு தெரிஞ்ச கை போடணும். க்ளினிக்ல "எங்ககிட்ட லேட்டஸ்ட் மெஷின் மேடம்"னா விட்டுடாதீங்க, எண்டி-யாக் இருக்கா, எனக்கு எதுல போடுவீங்க, உள்ள டாக்டர் இருப்பாரா, தோல் பொசுங்குனா யார் பாப்பாங்கன்னு நேராவே கேளுங்க. தாடைக்குக் கீழ ஒரு சின்ன இடத்துல டெஸ்ட் ஷாட் போடச் சொல்லி ஒண்ணு ரெண்டு வாரம் பாத்துட்டுதான் மத்தது. "டெஸ்ட்டெல்லாம் வேணாம் மேடம், இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்"னு அவசரப்படுத்துற இடத்துலேருந்து வெளிய வந்துடுங்க.

வாழ்நாளுக்கும் வராதுங்கிறதும் பொய். அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கூட முடி நிரந்தரமா குறையும்னு சொல்லிக்கத்தான் இந்த மெஷின்களுக்கு அனுமதி கொடுத்திருக்கு. வளர்ற பருவத்துல இருக்குற முடிதான் லேசருக்கு மாட்டும், மத்ததெல்லாம் அந்த நேரத்துல தூங்கிட்டு இருக்கும், அதனாலதான் முகத்துக்கு 4-லேருந்து 6 வாரத்துக்கு ஒரு தடவைன்னு ஆறு முதல் எட்டு செஷன். பிசிஓடி இருந்தா அதுக்கப்புறமும் வருஷத்துக்கு ரெண்டு மூணு டச்-அப் வரும், அந்த ரேட்டையும் இப்பவே எழுதி வாங்கிக்கோங்க.

கணக்கு போட்டுப் பாப்போம். நீங்க த்ரெட்டிங்குக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 3,100 ரூபா செலவு பண்றீங்க, 27,000-ங்கிறது எட்டரை வருஷத்து த்ரெட்டிங். வெறும் காசா பாத்தா அம்மா சொல்றதுல தப்பில்ல. ஆனா த்ரெட்டிங்ல தாடை முழுக்க கறுப்புப் புள்ளியும் உள்ளயே சுருண்டு வளர்ற முடியும் சீழ் வெச்ச பருவும் வரும்னா, நீங்க துப்பட்டாவை விட்டுட்டு போர்டு முன்னாடி நிக்கணும்னா, அதுக்கும் ஒரு விலை இருக்கும்மா. ஹார்மோனைப் பாத்துட்டு, மூணு இடத்துக்கு மட்டும், ஒவ்வொரு செஷனுக்கும் அப்பப்ப காசு கொடுத்து பண்ணுங்க, இஎம்ஐ வேணவே வேணாம். மூணு செஷன் முடிஞ்சும் பார்லர் போற இடைவெளி கூடலன்னா நிறுத்திட்டு ஏன்னு டாக்டரைக் கேளுங்க. லேசர் ஆரம்பிச்சதும் த்ரெட்டிங், வேக்ஸிங் கூடாது, வேரோட பிடுங்கிட்டா லேசருக்கு உள்ள ஒண்ணும் மிஞ்சாது. நடுவுல முடி தெரிஞ்சா ஃபேஸ் ரேஸரால எடுத்துடுங்க, ஷேவ் பண்ணா அடர்த்தியா வளரும்ங்கிறது உண்மையில்ல. சன்ஸ்க்ரீன் தினமும், ஸ்கூல் கிரவுண்டுல நிக்கிற நாள்ல மதியம் இன்னொரு தடவை.

கேள்வி: சென்னையில ஐடி வேலை, வயசு 31. அக்குளுக்கு ஒரு செஷன் 2,000, ஆறு செஷன் சொல்றாங்க. ரெண்டு காலுக்கும் சேர்த்து ஒரு செஷன் 9,000. இப்ப மாசம் அக்குள் வேக்ஸிங் 200, கால் 600 ஆகுது. ரெண்டும் பண்ணலாமா, இல்ல ஆன்லைன்ல விக்கிற, லேசருக்குப் பதிலா ஃப்ளாஷ் வெளிச்சம் அடிக்குற ஐபிஎல் மெஷினை வாங்கி வீட்லயே பண்ணிக்கலாமா?

பதில்: அக்குள் கண்டிப்பா பண்ணலாம். முடி தடிப்பு, இடம் சின்னது, வெயில் படாத இடம், லேசருக்கு இதைவிட தோதான இடம் உடம்புல இல்ல. 12,000 ரூபாங்கிறது அஞ்சு வருஷ வேக்ஸிங் செலவு, அதுக்கு மேல எல்லாம் லாபம், வேக்ஸிங்ல வர்ற கட்டியும் கறுப்பும் குறையும். போட்ட உடனே ஒவ்வொரு முடியைச் சுத்தியும் சின்னச் சின்ன செவப்புத் தடிப்பு வரும், பயப்படாதீங்க, அது வேலை நடந்ததுக்கு அடையாளம், ஒரு நாள்ல அடங்கிடும். அடுத்த ரெண்டு வாரம் முடி வளர்ற மாதிரியே தெரிஞ்சு அப்புறம் தானா உதிரும்.

காலுக்கும் ஆறு செஷன்னா 54,000, ஏழரை வருஷ வேக்ஸிங். ரேஸர் போட்டா புண்ணாகுது, முடி உள்ள வளருதுன்னா யோசிங்க, இல்லன்னா நான் கொடுக்க மாட்டேன். பண்றதா இருந்தா ஒண்ணு சொல்றேன், வலிக்கும்னு மரத்துப்போற கிரீமை நீங்களா வாங்கி கால் முழுக்க பூசி பிளாஸ்டிக் சுத்திக்கிட்டுப் போகாதீங்க. அமெரிக்காவுல இப்படிப் பண்ண ரெண்டு இளம் பொண்ணுங்க இறந்தே போயிட்டாங்க, 2007-ல எஃப்.டி.ஏ. எச்சரிக்கையே விட்டுச்சு. மருந்து ரத்தத்துல ஏறி வலிப்பு வரைக்கும் போகும்.

ஐபிஎல் மெஷின் கறுப்பு நிறத்துக்கு ஆகாது. நல்ல கம்பெனி மெஷின்ல தோல் நிறத்தைப் பாக்குற சென்சார் இருக்கும், கறுப்பா இருந்தா ஃப்ளாஷே அடிக்காது. சென்சார் இல்லாத மலிவு மெஷின்தான் ஆபத்து, அது பாட்டுக்கு அடிச்சுப் பொசுக்கிடும்.

கேள்வி: தையில கல்யாணம், இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. முகம் லேசர் பண்ணிக்கலாமா? (தஞ்சாவூர்)

பதில்: இப்ப வேணாம்மா. ரெண்டு மாசத்துல ரெண்டு செஷன்தான் ஆகும், பெருசா வித்தியாசம் தெரியாது, முகூர்த்தத்துக்குக் கிட்ட ஒரு இடம் பொசுங்கிட்டா ஃபோட்டோ எல்லாத்துலயும் அதுதான் நிக்கும். வழக்கமா உங்களுக்கு ஒத்துக்குற த்ரெட்டிங்கையே பண்ணிக்கிட்டு கல்யாணம் முடிஞ்சு நிதானமா ஆரம்பிங்க. அதுக்குள்ள கர்ப்பமானா மட்டும் குழந்தை பிறக்குற வரைக்கும் தள்ளிப் போடுங்க.

கேள்வி: எனக்கு 49 வயசு, சுகர் இருக்கு. தாடையில அஞ்சாறு முடி, எல்லாம் நரைச்சுடுச்சு. பொண்ணு லேசர் பண்ணிக்கோம்மாங்கிறா. (கோவில்பட்டி)

பதில்: உங்க பொண்ணோட அக்கறை சந்தோஷமா இருக்கு, ஆனா வெள்ளை முடியில லேசர் புடிக்காதும்மா, காசு வீண். ஒவ்வொரு வேருக்குள்ளயும் மெல்லிசா ஊசி விட்டு கரன்ட்ல எரிக்குற எலக்ட்ரோலிசிஸ்தான் வெள்ளை முடிக்கு வேலை செய்யும், 1875-லேருந்து இருக்குற முறை, கண்ணுக்குள்ள குத்துற இமை முடியை எடுக்க ஒரு கண் டாக்டர் ஆரம்பிச்சது. அஞ்சாறு முடிதானே, சில தடவை உக்காந்தா முடிஞ்சிடும். சுகர் கன்ட்ரோல்ல இருக்கான்னு பாத்துட்டு, ஒவ்வொருத்தருக்கும் புது ஊசி போடுற தோல் டாக்டர்கிட்ட பண்ணிக்கோங்க.