சீல் கணக்கு குறைந்தால் சீல் குறைந்ததா?

கேள்வி: எங்கள் மணல்திட்டில் போன ஆகஸ்டில் விமானத்திலிருந்து எண்ணியபோது 300 ஹார்பர் சீல்கள் (ஒரு வகைக் கடல்நாய்); இந்த ஆகஸ்டில் 210. அழிந்துகொண்டிருக்கின்றனவா? ஒரே நாளில் மொத்த எண்ணிக்கையையும் சொல்லிவிடுவதாக ஒரு டிரோன்காரர் சொல்கிறார். அவரிடம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குப் பதற வேண்டாம். விமானத்திலிருந்து தெரிவது கரையேறிப் படுத்திருக்கும் சீல் மட்டும்தான். ஆகஸ்டில் ரோமம் உதிர்வதால் அவை அதிகம் கரையில் கிடக்கும். அப்போதுகூட ஸ்காட்லாந்தில் கருவி பொருத்திப் பார்த்ததில் சுமார் 72 விழுக்காடுதான் கரையில் இருந்தன. மீதி தண்ணீரில். அந்தக் கணக்கில் உங்கள் 210 என்பது ஏறக்குறைய 290 சீல்.

இரண்டு ஆண்டுகளிலும் ஒரே ஓத நிலையில் (கடல்நீர் ஏறி வற்றும் அளவில்) பறந்தார்களா என்று கேளுங்கள். நீர் நன்றாக வற்றும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம், அதுவும் பிற்பகலாக இருந்தால் நல்லது. மழை பெய்தால் சீல் தண்ணீருக்குள் போய்விடும். ஆனால் நிதியாண்டும் ஒப்பந்தத் தேதியும் ஓதத்தைப் பார்த்தா வருகின்றன? அலுவலகம் குறித்த நாளில் பறந்துவிட்டு, அதை அறிக்கை என்று அச்சடித்துவிடுகிறார்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு, கிரே சீல் என்ற இன்னொரு இனம். அதே திட்டில் அவையும் கலந்து படுக்கும். ஆகஸ்டில் அவற்றில் கால்வாசிதான் கரையில் இருக்கும்; 72 விழுக்காட்டுக் கணக்கை இவற்றுக்குப் போட்டால் எல்லாம் தவறிவிடும். ஹார்பர் சீலின் முகம் குட்டையாக, நாய்க்குட்டி போல இருக்கும். கிரே சீலின் மூக்கு நீளம். தெர்மல் கேமராவில் இரண்டும் வெறும் சூடான புள்ளிதான். கூடவே சாதாரணப் படமும் எடுத்தால்தான் பிரிக்க முடியும். கிரே சீலுக்கான முறையே வேறு: பிரிட்டனில் இலையுதிர்காலத்தில் பலமுறை பறந்து வெள்ளை ரோமக் குட்டிகளை எண்ணி, அதிலிருந்து மொத்தத்தைக் கணிப்பார்கள். ஒருமுறை பறந்தால் போதாது. சில குட்டிகள் அதற்குள் கடலுக்குப் போயிருக்கும், சில இன்னும் பிறந்தே இருக்காது.

சரி, டிரோன்காரர். ஒரே நாளில் மொத்தம் சொல்பவரை நம்பாதீர்கள். தாழப் பறந்தால் ஒரு சீல் தலைதூக்கும், அடுத்தது நகரும், அப்புறம் திட்டே காலி. நேரம் பதிந்த மூலப் படங்கள், அன்றைய ஓத நேரம், இனவாரியான எண்ணிக்கை, மூன்றையும் கேளுங்கள். "மென்பொருளே எண்ணிவிடும்" என்றால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

1988, 2002-இல் வட ஐரோப்பாவில் ஹார்பர் சீல்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற வைரஸ் நோய் போல வந்தால் கரையில் செத்த உடல்களே சொல்லும். அப்படி எதுவும் இல்லையென்றால், இன்னும் இரண்டு மூன்று ஆகஸ்ட் கணக்கு கையில் வரும்வரை "அழிவு" என்று மனு எழுத வேண்டாம்.