நானே ஆயில் மாற்றினால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: பாலக்கோடு பக்கத்தில் எங்கள் ஊர். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டராக இருக்கிறேன். 2024 ஜூனில் ஓசூரில் ஒரு ஷோரூமில் 9 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்கு பெட்ரோல் கார் எடுத்தேன். 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி. மூன்று ஃப்ரீ சர்வீஸையும் அங்கேயே விட்டேன். அடுத்த சர்வீசுக்கு எட்டாயிரம் ஆகும் என்றார்கள். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றையும் நானே வாங்கி வீட்டு வாசலில் வைத்து மாற்றிக்கொண்டேன். மூவாயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது. போன மாதம் ஸ்டீயரிங் திடீரென்று இறுகி, மீட்டரில் விளக்கு எரிந்தது. ஸ்டீயரிங் மோட்டார் போய்விட்டது, 48 ஆயிரம் ஆகும் என்கிறார்கள். வாரண்டி கேட்டால், “சார், வெளியில கை வச்சுட்டீங்க, சர்வீஸ் ஹிஸ்டரி கட் ஆயிடுச்சு, கம்பெனி ஒத்துக்காது” என்கிறார் சர்வீஸ் அட்வைசர். வண்டி அங்கேயே நிற்கிறது. எடுக்காவிட்டால் நாள் வாடகை போடுவோம் என்று வேறு சொல்கிறார்கள். வழக்குப் போட்டால் நிற்குமா? இனிமேல் நானே சர்வீஸ் செய்யலாமா?

பதில்: நிற்கும். ஆனால் கேஸ் கட்டு இப்போது பாதிதான் இருக்கிறது. மீதியை நீங்கள் சேர்க்க வேண்டும், அதுவும் வண்டியை ஷோரூமிலிருந்து வெளியே எடுப்பதற்கு முன்னால்.

முதலில் வண்டியோடு வந்த வாரண்டி புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலானவர்கள் அதை ஆர்.சி. கவருக்குள் செருகியதோடு சரி. அதில் பொதுவாக மூன்று விதமான வாசகங்கள் இருக்கும். அட்டவணைப்படி, குறித்த கிலோமீட்டரில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்பது ஒன்று. கம்பெனி அங்கீகரித்த ஒர்க்‌ஷாப்பில்தான் செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. தவறான ரிப்பேராலோ, பொருந்தாத ஆயில், பாகங்களாலோ வந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்பது மூன்றாவது. மூன்றாவது நியாயமான நிபந்தனை, எந்த மன்றமும் அதைத் தள்ளாது. முதலாவதும் அப்படித்தான். ஆயில் மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றாமல் ஓட்டிவிட்டு என்ஜின் போச்சு என்று வந்தால், நீங்களே மாற்றினீர்களா ஷோரூம் மாற்றியதா என்ற பேச்சே எழாது. தகராறு வருவதெல்லாம் இரண்டாவதில்தான். உங்கள் அட்வைசர் அந்த இரண்டாவதைக் காட்டி மொத்த வாரண்டியையும் மூடப் பார்க்கிறார்.

அதற்கு எதிராக உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம், வியாபாரத்தில் நியாயமான போட்டி இருக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ல் போட்ட உத்தரவு. ஸ்பேர் பார்ட்ஸையும் ரிப்பேர் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் கார் கம்பெனிகள் கைக்குள் வைத்திருக்கின்றன என்ற புகாரில் 14 கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவு அது. அபராதம்தான் அப்போது செய்தியானது. உங்களுக்கு வேண்டியது உள்ளே இருக்கும் ஒரு பத்தி: வெளியில் சர்வீஸ் செய்தால் வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் சேதம் வந்திருந்தால், அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம்.

இதைப் படித்துவிட்டு உடனே ஷோரூமுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அந்த உத்தரவு குறிப்பிட்ட 14 கம்பெனிகளுக்கு எதிரானது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் மூன்று கம்பெனிகளின் மேல்முறையீட்டில் ஆணையத்தின் முடிவை ஏற்று, அபராதத்தைக் கணக்கிடும் முறையை மட்டும் மாற்றியது. வழக்கு அதோடு நிற்காமல் மேலேயும் போனது. ஆகவே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அதை வழிகாட்டியாகக் காட்டலாம், கண்ணை மூடிக்கொண்டு கட்டளையாகக் காட்ட முடியாது. யூடியூபில் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, “சட்டப்படி வாரண்டியை மறுக்கவே முடியாது சார்” என்று என்னிடம் வருகிறவர்கள் உண்டு. அங்கே 1975-லேயே இதற்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது உண்மை. பாலக்கோட்டில் அது செல்லாது. இங்கே நாம் நிற்க வேண்டிய தரை, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

அந்தச் சட்டத்தில் உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. வாரண்டி காலத்தில் தர வேண்டிய வேலையைக் காரணமில்லாமல் மறுப்பது சேவைக் குறைபாடு. ஒன்றை வாங்கியவரை, அதனோடு சேர்த்து இன்னொரு சேவையையும் தன்னிடமே வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது ‘கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை’ என்ற பிரிவில் வரும். மனுவில் இரண்டையும் சொல்லுங்கள். வாரண்டி புத்தகத்தின் நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம், அதை ரத்து செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் மாவட்ட ஆணையத்துக்கு அதை விசாரிக்க அதிகாரம் இல்லை, சென்னையில் மாநில ஆணையத்துக்குப் போங்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே எழுந்து நிற்பார். 48 ஆயிரம் ரூபாய் மோட்டாருக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

சட்டத்தைவிட உங்கள் வழக்கில் பலமாக இருப்பது, கெட்டுப்போன பாகம் எது என்பது. இப்போது வரும் சின்ன கார்களில் பெரும்பாலும் பேட்டரி மின்சாரத்தில் ஓடும் மோட்டார்தான் ஸ்டீயரிங்கை லேசாக்குகிறது. உங்களுடையதும் அதுவே, அவர்களே மோட்டார் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் ஊற்றிய ஆயில் என்ஜினுக்குள் சுற்றுகிறது, ஸ்டீயரிங் மோட்டாரைத் தொடுவதே இல்லை. ஏர் ஃபில்டர் என்ஜின் மூச்சு விடும் வழியில் இருக்கிறது. இந்த மூன்றில் எது மோட்டாரை எரித்தது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். விதிவிலக்கைக் காட்டிப் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள நினைப்பவர் அதை நிரூபிக்க வேண்டும் என்பது பொதுவான விதி. உங்கள் கடிதத்தில் என்ஜின் சீஸ் ஆகிவிட்டது, டர்போ போய்விட்டது என்று இருந்திருந்தால் என் பதிலின் முதல் சொல் வேறாக இருந்திருக்கும். அப்போது ஊற்றிய ஆயிலின் கிரேடு, அளவு, டிரெயின் போல்ட்டை எவ்வளவு முறுக்கினீர்கள், வாஷர் மாற்றினீர்களா என்பது வரை கேள்வி வரும். பி.எஸ்.6 எனும் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டி என்றால் இன்னும் மோசம். புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டருக்கு ஒத்துவராத ஆயிலை ஊற்றினால் அந்த ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அங்கே கம்பெனி சொல்வதில் நியாயம் இருக்கும்.

ஒன்றை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. கையில் ஸ்பேனர் பிடித்துப் பழகியவர்கள் ஆயிலோடு நிறுத்துவது அபூர்வம். பின்பக்கக் கேமரா, பெரிய ஹாரன், எல்.ஈ.டி. விளக்கு, வேறு மியூசிக் சிஸ்டம் என்று எதையாவது மாட்டினீர்களா? அதற்காகக் கம்பெனி ஒயரிங்கை வெட்டி இன்சுலேஷன் டேப் சுற்றினீர்களா? பேட்டரி இறங்கி வேறு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்தீர்களா? ஸ்டீயரிங் மோட்டார் மின்சாரத்தில் ஓடுவது என்பதால் இவற்றுக்கும் அதற்கும் தொடர்பு கற்பிக்க முடியும். இப்போதைக்கு அட்வைசருக்கு இது தோன்றவில்லை, ஆயிலையே பிடித்துக்கொண்டு நிற்கிறார். கம்பெனி வக்கீலுக்குத் தோன்றும். அப்படி ஏதாவது இருந்தால் மனு எழுதுகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. ஷோரூமுக்குப் போய், வண்டியை விடும்போது அவர்கள் எழுதும் வேலைச் சீட்டின், அதாவது ஜாப் கார்டின் நகலை வாங்குங்கள். அதில் ‘வாடிக்கையாளர் புகார்’ என்ற கட்டத்தில் நீங்கள் சொன்னதும், கீழே அவர்கள் கண்டுபிடித்ததும் இருக்கும். வாரண்டி மறுப்புக்கான காரணம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது, ‘வாரண்டி நாட் அப்ளிகபிள்’ என்று மூன்று சொல்லோடு முடித்திருப்பார்கள். வாயால் சொன்ன காரணத்தை எழுத்தில் வரவழைப்பதுதான் இந்த வாரம் உங்கள் வேலை. கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், நகல் ஷோரூமுக்கு. சேசிஸ் நம்பர், ஓடிய கிலோமீட்டர், நீங்கள் ஆயில் மாற்றிய தேதி எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “என் ஆயில் மாற்றத்துக்கும் ஸ்டீயரிங் மோட்டார் பழுதுக்கும் என்ன தொடர்பு?” வண்டியில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்திருப்பார்கள். அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டையும் பழுதுக் குறியீட்டு எண்ணையும் கேளுங்கள். ஒழுங்கான பதில் வந்தாலும் லாபம், பதிலே வராவிட்டாலும் லாபம்.

உங்கள் பக்கம் ஆயில், ஃபில்டர் வாங்கிய ஜி.எஸ்.டி. பில் வேண்டும். பில்லில் கிரேடு இருக்க வேண்டும். ‘என்ஜின் ஆயில் 1’ என்று மட்டும் போட்டிருந்தால் கடைக்காரரிடம் விவரமாக எழுதி வாங்குங்கள். புத்தகத்தில் என்ன கிரேடு சொல்லியிருக்கிறதோ அதுவே நீங்கள் ஊற்றியதிலும் இருக்க வேண்டும். காலி ஆயில் கேனை மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் மொள்ள அனுப்பியிருந்தால் தேடி எடுங்கள், அதில் பேட்ச் நம்பர் இருக்கும். மாற்றும்போது மொபைலில் போட்டோ எடுத்திருந்தால் அழிக்காதீர்கள். ஓடோமீட்டர் தெரியும் படம் ஒன்று இருந்தாலே, அட்டவணைப்படி மாற்றினீர்கள் என்பதற்கு அது சாட்சி. மொபைல் படங்களை ஆணையத்தில் கொடுக்கும்போது 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்று ஒன்று இணைப்பது நல்லது.

வண்டியை எடுப்பதா வேண்டாமா? நாள் வாடகை என்பது மிரட்டல்தான், ஆனாலும் வண்டி இல்லாமல் நீங்கள் ஓசூருக்கு ஷிஃப்ட் போய்வர முடியாது. பணம் கட்டி எடுப்பது நல்லது. கட்டுவதற்கு முன்னால், “வழக்கு உரிமையை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் செலுத்துகிறேன்” என்று மின்னஞ்சலில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள், பில்லிலும் எழுதிக் கையெழுத்திடுங்கள். ‘திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த காகிதத்தை நீட்டினால் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். கழற்றிய பழைய மோட்டாரைக் கேட்டு வாங்கி, பையில் போட்டுக் கட்டி வைத்துவிடுங்கள். பழுதின் காரணத்தைப் பரிசோதனை இல்லாமல் தீர்மானிக்க முடியாது என்றால் ஆணையமே அதை ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பாகம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால் அந்த வாய்ப்பு போயிற்று.

பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். கம்பெனி பதில் சொல்ல வேண்டியிருக்கும், சில சமயம் அங்கேயே ஒரு தொகையைக் குறைத்துக்கொள்ள இறங்கி வருவார்கள். பாதித் தொகையை அவர்கள் ஏற்பதாகச் சொன்னால் யோசியுங்கள்; முழுப் பணத்துக்காகத்தான் போராடுவேன் என்று நிற்பதும் உங்கள் உரிமைதான், ஆனால் வாய்தாவுக்கு லீவு போட வேண்டியவர் நீங்கள். இணங்கி வராவிட்டால் பதினைந்து நாள் கெடு வைத்து கம்பெனிக்கும் ஷோரூமுக்கும் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ். வாரண்டி கொடுத்தது கம்பெனி, மறுத்தது ஷோரூம். வழக்கில் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்காவிட்டால் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டே காலத்தைக் கடத்துவார்கள்.

வாங்கியது ஓசூரில் என்பதால் கிருஷ்ணகிரிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. புதிய சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். உங்கள் காரின் விலைக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். மறுத்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை (எங்கள் சங்கத்து நண்பர்கள் கோபிக்க வேண்டாம்). மோட்டாருக்குக் கட்டிய தொகை, வட்டி, வண்டி நின்ற நாட்களின் பயணச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு எல்லாம் கேட்கலாம். மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் என்று போட்டு மனுவை மதிப்பில்லாமல் ஆக்கிவிடாதீர்கள்.

இனிமேல் நானே செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் தடுக்கவில்லை. ஆனால் வாரண்டி முடியும்வரை ஆயில் சர்வீஸை ஷோரூமிலேயே விடுங்கள் என்றுதான் சொல்வேன். ஐயாயிரம் மிச்சப்படுத்தப் போய் 48 ஆயிரத்துக்கு அலைகிறீர்கள். தேவையில்லாத இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி வாஷ், கோட்டிங் எல்லாவற்றையும் ‘வேண்டாம்’ என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொன்னால் எட்டாயிரம் பில் பாதிக்கு அருகில் இறங்கிவிடும். ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர், டயர் காற்று ஆகியவற்றை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், பில்லை மட்டும் பத்திரப்படுத்துங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியிருந்தால் அது தனி ஒப்பந்தம், அதன் நிபந்தனைகள் இன்னும் இறுக்கமாக இருக்கும், தனியாகப் படியுங்கள். பிரேக்கில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் யார்மீதாவது மோதினால் அப்புறம் பேச்சு வாரண்டியைப் பற்றி இருக்காது. பிரேக்கைக் கடைசியாகக் கழற்றி மாட்டியது யார் என்று போலீசும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கேட்கும்.